காய்ச்சல் வரும் என்று முதலில் சொல்

நைனா,

நீ போனை வைத்ததும் நான் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் கத்துவேன், நீ பதிலுக்குக் கத்துவாய், கடைசியில் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு எதையாவது பேசி முடித்துவிடுவோம். நமக்கு அதுதான் வழக்கம். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும். பெரிதாக்கிப் பார். பாதி படித்துவிட்டு 'சரிம்மா' என்று மட்டும் போட்டுவிடாதே.

"வேலைய விட்டுட்றேம்மா" என்றாய். மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் உன் ஏரியாவில் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்திருக்கிறது. ஒரு பிள்ளை செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு அது பரவுவதற்குள் ஊசி போட்டாக வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியது புதுசாகச் சேர்ந்த சுகாதார ஆய்வாளரான உன் வேலை. காலனியில் ஒரு வீட்டு வாசலில், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "ஊசி போட்டா ஜொரம் வருமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். உனக்கு வாய் வரவில்லை. கையிலிருந்த நோட்டீஸை அவளிடம் நீட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாய். நாளை மறுநாள் முகாம். அதற்கு முன்னால் ராஜினாமா கொடுத்துவிடப் போகிறாய். நீ சொன்னது இவ்வளவுதான். ஏன் வாய் வரவில்லை என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

விடுவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதில் நான் பெரிய ஆள். செங்கல்பட்டில் காலேஜ் முதல் வருஷத்தை நடுவில் விட்டேன். கெமிஸ்ட்ரி மிஸ் முகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். கருங்குழியிலிருந்து தினம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் அந்த முகத்தைப் பார்க்க முடியாது என்று நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தது நான். களத்துமேட்டில் கூலிக்கு நெல் தூற்றிய என் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் தையல் கம்பெனி, அதை விட்டேன். மாமல்லபுரத்தில் சங்கு, சோழி விற்கிற கடை, அதையும் விட்டேன். அந்தக் கடைக்கு முன்னால் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வெள்ளைக்காரனிடம் வழி சொல்லிக்கொண்டிருந்த உன் அப்பாவைப் பார்த்தேன். அவரை மட்டும் விடவில்லை. சாதி வேறு, சாமி வேறு, அவருக்கு என்னைவிட வயதும் ரொம்பக் கூட. இரண்டு வீட்டிலும் பேஜாராகி, கடைசியில் புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இந்தக் குப்பத்துக்கு வந்து சேர்ந்தோம். நான் விட்டதிலெல்லாம் ஒன்று பொதுவாக இருந்தது நைனா. நான் போனால் அங்கே யாருக்கும் எதுவும் நின்றுபோகவில்லை. என் பதிலுக்காக யாரும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை.

உன் அப்பா போனதிலிருந்து அந்த விஷயத்தை நாம் பேசியதே கிடையாது. நான் வாயைத் திறந்தால் நீ எழுந்து போய்விடுவாய். இப்போது எழுந்து போக முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இருக்கும், தெரியாததும் இருக்கும்.

நம் குப்பத்துக் கோயில் மைக் என்ன மாதிரி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அவர்கள் ஊரில் மைக் என்றால் பாட்டு. நம் ஊரில் அது கடலுக்கான மைக். 'காத்து மாறுது, யாரும் இறங்க வேணாம்' என்று அதில் சொன்னால் போட்டைத் தள்ளிக்கொண்டிருப்பவன் அப்படியே கையை எடுத்துவிடுவான். ஏன் என்று கேட்க மாட்டான். சாவு, பஞ்சாயத்து, புயல், இதற்கெல்லாம்தான் அதை எடுப்பார்கள். விளையாட்டுக்குத் தொட்டவனை ஊர்த் தலைவரான நாட்டாரே கூப்பிட்டு நடுத்தெருவில் நிற்க வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட மைக்கை, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த அந்த வருஷத்தில், உன் குரல் நன்றாக இருக்கிறது என்று நாட்டாரே உன் கையில் கொடுத்தார். உன் அப்பா அன்றைக்கு மீசையைத் தடவிக்கொண்டே சாப்பிட்டார். "இன்னாமே, நம்ம பையன் சொன்னா ஊரே கேக்குது, நான் சொன்னா நீ கூட கேக்க மாட்ற" என்றார்.

கொரோனா இரண்டாவது தடவை வந்து எல்லா ஊரிலும் ஆட்களை அள்ளிக்கொண்டிருந்தபோது, ஊசி போட நம் புயல் பாதுகாப்பு மையத்துக்கே வந்தார்கள். நர்ஸம்மா நல்லவர். வெயிலில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து வந்தவர். நீ சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு வரி இருந்தது: ஊசி போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், ஓய்வில் இருக்கவும். நீ அதைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் உன்னிடம் மெதுவாகச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "தம்பி, காச்சல் வரும்னு மைக்ல சொன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. அத விட்டுடு. மாத்திர குடுக்கும்போது நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கறேன்." நீ தலையாட்டினாய். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் நான். செவுளைத் தூக்கிக் காட்டுவேன், வயிற்றைக் காட்ட மாட்டேன். எல்லாரும் அப்படித்தானே.

நீ சொன்னாய். அழகாகச் சொன்னாய். தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாய்: "ஒண்ணும் ஆவாது, பயப்படாம வாங்க." நல்ல மனசோடுதான் சொன்னாய். ஊர் வந்தது. வரிசை கோயில் வரைக்கும் நின்றது. நர்ஸம்மா ஒவ்வொருத்தராகச் சொல்ல நினைத்தது உண்மை. ஆனால் அத்தனை கூட்டத்தில் யாருக்குச் சொன்னார், யாருக்கு விட்டார் என்று அவருக்கே தெரியாது. மாத்திரையை வாங்கி மடியில் முடிந்துகொண்டு போனவர்கள்தான் அதிகம். உன் அப்பா அன்றைக்குப் போட்டுக்கொள்ளவில்லை. "போட்டுக்கு ஒரு ஆளாவது பழைய ஒடம்போட இருக்கட்டும், அடுத்த தபா நான் போட்டுக்குறேன்" என்று வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

அது தடைக்காலம். பெரிய போட்டுகள் கரையில் கிடக்கும், நம் ஃபைபர் போட்டு மீனுக்கு நல்ல கிராக்கி. காற்றும் நன்றாக இருந்தது. காரணமில்லாமல் அப்படிப்பட்ட நாளை யாரும் விட மாட்டார்கள். ஊசி போட்ட மறுநாள், விடிவதற்கு முன்னால் எல்லாரும் இறங்கினார்கள். நடுக்கடலில் ஒவ்வொருவருக்காகக் காய்ச்சல் ஏறியது. நம் போட்டில் வந்த சேகர் சித்தப்பா வலையை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து, பாதி உடம்பு தண்ணீருக்கு வெளியே, பாதி உள்ளே தொங்கினார். உன் அப்பா அவர் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்துப் போட்டு, வலையை அறுத்துவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார். ஒரு பிடி நழுவியிருந்தால் சித்தப்பா கிடையாது. அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஊரே கரையில் நின்றது. காய்ச்சல் வரும் என்று தெரிந்திருந்தால் எவனும் அன்றைக்கு இறங்கியிருக்க மாட்டான். அந்த ஒரு வரிக்கு அவ்வளவு எடை இருந்தது.

சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் கூடினார்கள். பெண்கள் தள்ளி நிற்க வேண்டும் என்பதால் நான் டீக்கடை ஓரம் நின்றேன். உன்னை நடுவில் நிற்க வைத்தார்கள். "ஸ்பீக்கர் சாரு, ஒண்ணும் ஆவாதுன்னியே, ஆயி கீது பாரு" என்று ஒருவன் கத்தினான். போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த சேகர் சித்தப்பாதான், "வுடுங்கப்பா, நான் இன்னும் சாவல, அதுக்குள்ள பஞ்சாயத்தா" என்றார். சிலர் சிரித்தார்கள். நாட்டார் சிரிக்கவில்லை. "தம்பி, இது கடலுக்குச் சொல்ற மைக்கு. இதுல தப்பா ஒண்ணு வந்துச்சுன்னா, நாளிக்கு பொயலு வருதுன்னு சொன்னா எவன்டா நம்புவான்?" என்றார். அவர் கேட்டது நியாயம். "யாரு உனக்கு அப்பிடிச் சொல்லக் குடுத்தது?" என்றும் கேட்டார். நீ நர்ஸம்மா பெயரைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அதற்காக நான் இன்றைக்கும் உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன். வயிறும் எரிகிறது.

அப்போதுதான் உன் அப்பா எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பி, "பையன் செஞ்சது தப்பு. ஊரு மன்னிக்கணும். இனிமே எங்க வூட்ல எவனும் அந்த ஊசிகிட்ட போவ மாட்டோம். இது என் வார்த்த" என்றார். அந்த வார்த்தையை யாரும் அவரிடம் கேட்கவில்லை நைனா. மன்னிப்போடு நாட்டார் விட்டிருப்பார். ஆனால் ஊர் நடுவில் கொடுத்த வார்த்தை என்றால் நம் குப்பத்தில் அது திரும்ப எடுக்கிற பொருள் கிடையாது. அவர் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து "நாங்களும்தான்" என்றார். அப்புறம் இன்னொருவர். அடுத்த முகாமுக்கு நர்ஸம்மா வந்து மதியம் வரைக்கும் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். நீ வெளியே இருந்தாய், எவ்வளவு கேட்டாய் என்று தெரியாது. "யோவ், மன்னிப்பு கேக்கப் போனா உசுர எழுதிக் குடுத்துட்டு வந்துகிற?" என்றேன். "இன்னா பண்ணச் சொல்ற? புள்ளைய நடுவுல நிக்க வெச்சிகினு கீறாங்க. பெருசா ஒண்ண வெச்சாதான் அவன் மேல இருந்து கண்ண எடுப்பானுங்க" என்றார். "அப்ப புதுப்பட்டினத்துல போய் போட்டுக்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். "எனக்குத் தெரியும்ல" என்றார். என் வாய் எவ்வளவு நீளமோ அவர் மௌனம் அவ்வளவு நீளம். நான் மட்டும் மார்க்கெட் பெண்களோடு போய்ப் போட்டுக்கொண்டேன். காய்ச்சல் வந்தது. வெயில் சூடு என்று பொய் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு விடிய விடிய மாற்றிக்கொண்டிருந்தார். தன் வார்த்தையை நான் உடைத்ததில் அவருக்குக் கோபமில்லை. தான் மட்டும் உடைக்கக் கூடாது என்றிருந்தார்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் கூடையைக் கிளறிக்கொண்டே, "மீன் வாசன தெர்லமே" என்றார். "நல்லதாப் போச்சு, உன் பக்கத்துல மார்க்கெட்ல ஒக்காந்துக்கலாம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டே நாளில் கோயில் வரைக்கும் நடக்க மூச்சு வாங்கியது. நூற்றி எட்டு வண்டியில் ஏற்றும்போது, தூக்கப் போன ஆட்களைத் தள்ளிவிட்டு தானாக ஏறினார். செங்கல்பட்டில் வாசலோடு நம்மை நிறுத்திவிட்டார்கள். அங்கே வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் என்று நீயும் பார்த்தாய். உள்ளேயிருந்து ஒரு தடவை போனில் பேசினார். மாஸ்க் போட்டிருந்ததால் பாதி கேட்கவில்லை. "இஞ்சினுக்கு எண்ண ஊத்திட்டியா, உப்புக் காத்துல நின்னுடும்" என்று மட்டும் தெளிவாகக் கேட்டது. ஊற்றிவிட்டேன் என்றேன். ஊற்றவில்லை. அவர் கடைசியாக என்னிடம் கேட்டது இஞ்சினைப் பற்றி, நான் கடைசியாக அவரிடம் சொன்னது பொய். திரும்பி வந்தபோது பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தார். முகத்தைக்கூட முழுசாகக் காட்டவில்லை. நீ தூரத்தில் நின்றாய். கிட்டே கூப்பிட்டேன், வரவில்லை.

நீ அன்றிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று எனக்குத் தெரியும். 'நீ ஒண்ணும் செய்யல ராசா, விதி' என்று ஆயாக்கள் எல்லாம் உன்னைக் கட்டிக்கொண்டு சொன்னார்கள். நான் அதைச் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் ஒரு 'ஒண்ணும் ஆவாது'தான். நீ ஒரு வரியை விட்டாய், ஒரு வரியைச் சேர்த்தாய். அது நடந்தது. அதற்கு முன்னால் நர்ஸம்மா சொன்னதும் நடந்தது. நான் கேட்டுக்கொண்டு சும்மா நின்றதும் நடந்தது. கேட்காமலே வார்த்தை கொடுத்தது உன் அப்பா. யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க இது மீன் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, புதுப்பட்டினத்தில் உட்காருகிற அந்தச் சின்ன டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன்: "போட்டிருந்தா பொழச்சிருப்பாரா?" அந்தப் பெண் என் கண்ணைப் பார்த்துச் சொன்னது: "உறுதியா சொல்ல முடியாதும்மா. போட்டவங்கள்லயும் சிலர் போனாங்க. ஆனா பொழைக்கற வாய்ப்பு நல்லாவே கூடியிருக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்." பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது. முழுசாகச் சொல்லிவிட்டார்கள், இனிமேல் கற்பனை பண்ணிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. அதனால் உனக்கும் முழுசாகச் சொல்கிறேன். உன்னால்தான் அவர் போனார் என்று சொல்ல முடியாது. உனக்கு அதில் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நீயும் நானும் வாழ வேண்டும்.

இனி நீ அறியாதது. காரியம் முடிந்த மறுநாளே நீ கருங்குழிக்கு உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டாய். நீ கிளம்பிப் போன அதே வாரத்தில் குப்பத்தில் இன்னும் இரண்டு வீட்டில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான் நேராக நாட்டார் வீட்டுக்குப் போய் மைக் வேண்டும் என்றேன். "பொம்பளைங்க மைக் புடிக்கற பழக்கம் இல்லயேம்மா" என்றார். "புடிச்சா இன்னா, ஷாக் அடிக்குமா? அடிச்சா அடிக்கட்டும்" என்றேன். தாலி எடுத்த கழுத்தோடு நின்றவளிடம் அவர் மேற்கொண்டு பேசவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நர்ஸம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். வந்து ஓரமாக நின்றார்.

நான் ஒன்றும் அழகாகப் பேசவில்லை. மைக்கை வாயில் வைத்துக்கொண்டு கத்தியதில் கீழேயிருந்து யாரோ, "தள்ளிப் புடிமே, காது கிழியுது" என்றான். நான் சொன்னது இதுதான்: "ஊசி போட்டா ஜொரம் வரும். எல்லாருக்கும் வராது, நெறைய பேருக்கு வரும். கை வலிக்கும். எனக்கு வந்துது. ரெண்டு நாள்ல போயிடும். அந்த ரெண்டு நாள் கடலுக்குப் போனா சேகரு மாதிரி தொங்குவீங்க. போட்டாலும் கொரோனா வரலாம். ஆனா எங்க வூட்டுக்காரு மாதிரி பிளாஸ்டிக்ல சுத்தி வர்றது கொறையும்." அப்புறம் கூட்டத்திலிருந்து, "சரக்கு அடிக்கலாமா கூடாதா, அதச் சொல்லு மொதல்ல" என்று ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தெரியவில்லை. மைக்கிலேயே, "தெர்ல, கேட்டுச் சொல்றேன்" என்றேன். அந்த மைக்கில் யாரும் அதுவரை 'தெரியவில்லை' என்று சொன்னதே கிடையாது. சிரிப்பு நின்றது. ஏனோ அப்போதுதான் அவர்கள் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பதில் சொல்ல நர்ஸம்மா வந்து மைக்கை வாங்கினார். சரக்கைப் பற்றிக் கேட்டவனுக்கு அவர் பதில் சொல்லும் முன்னால் வேறொன்று சொன்னார். "அன்னைக்குக் காச்சலப் பத்திச் சொல்ல வேணாம்னு தம்பிகிட்ட சொன்னது நான்தான். வந்தா பயந்துடுவீங்கன்னு நெனச்சேன். பையன் என்னக் காட்டிக் குடுக்கல." சொல்லிவிட்டு அழுதார். சேகர் சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். நாட்டார் மைக்கை வாங்கி, "நாளிக்கும் நாளன்னிக்கும் எந்த போட்டும் எறங்கக் கூடாது. ஊசி போட்டுக்குனு வூட்ல படுங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் ஊர் வந்தது. எல்லாரும் வரவில்லை, 'வார்த்த வார்த்ததான்' என்று இரண்டு மூன்று வீடு கடைசிவரை வரவே இல்லை. வந்தவர்களில் நிறைய பேருக்குக் காய்ச்சல் வந்தது. போர்வைக்குள்ளிருந்து என்னைத் திட்டினார்கள், ஆனால் யாரும் பஞ்சாயத்து கூட்டவில்லை. நான் அன்றைக்கு வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேகர் சித்தப்பாவுக்குப் பின்னால் உன் அப்பா நிற்க வேண்டிய இடம். அங்கே வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். ஊர் உன்னை என்றைக்கோ விட்டுவிட்டது நைனா. நீதான் அந்த நடுவிலேயே நின்றுகொண்டிருக்கிறாய்.

இதை உனக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரும்போதெல்லாம் நீ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாய், நானும் சரி போகட்டும் என்று விட்டேன். நீ இந்தப் படிப்பையே எடுத்தபோது எனக்குப் புரிந்தது, அப்பாவுக்காக எடுக்கிறாய் என்று. சந்தோஷப்படவில்லை, பயந்தேன். ஒரு நாள் யாராவது உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள், அன்றைக்கு நீ ஓடி வந்துவிடுவாய் என்று பயந்தேன். கேட்டுவிட்டாள்.

யோசித்துப் பார். நம் ஊரில் அன்றைக்கு வரிசையில் நின்ற ஒருவரும் அதைக் கேட்கவில்லை. மைக்கிடம் எப்படிக் கேட்பார்கள்? அது பேசும், கேட்காது. இவள் வாசலில் நின்று உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். பயத்தில்தான் கேட்டிருக்கிறாள், ஆனால் நீ சொல்வதை நம்பத் தயாராக இருந்ததால்தான் கேட்டிருக்கிறாள். நீ நோட்டீஸைக் கொடுத்தாய். அவள் அதைப் படிப்பாளோ மாட்டாளோ, உன் முகத்தைப் படித்திருப்பாள். 'இதில் என்னமோ இருக்கு, அதான் ஆபீசர் ஓடறாரு' என்று இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். நான் அவளாக இருந்தால் சொல்லியிருப்பேன். நாளை மறுநாள் அந்தத் தெருவிலிருந்து எத்தனை பிள்ளை வரும் என்று நினைக்கிறாய்? தொண்டை அடைப்பானுக்கு ராஜினாமா எல்லாம் தெரியாது.

போய்ச் சொல். என் வார்த்தையில் சொல்லாதே, உனக்கு வருகிற மாதிரி சொல். ஜுரம் வரலாம்மா, ஊசி போட்ட இடம் வீங்கும், பிள்ளை நசநசவென்று அழும், ஒரு ராத்திரி உன்னைத் தூங்க விடாது. மருந்து இது, இவ்வளவு கொடு. அதற்கு மேல் ஏதாவது என்றால் என் போன் இது, எந்த நேரமும் அடி. போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல், பயமுறுத்தாமல் சொல். அவள் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல், கேட்டுக்கொண்டு திரும்பிப் போ. அவள் கூலிக்குப் போகிறவளாக இருந்தால், மறுநாள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேள். அவள் கேட்காமலே விட்ட கேள்வி அதுவாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் இந்த வேலையே அவ்வளவுதான். அப்படிச் சொல்லியும் அவள் வேண்டாம் என்று சொல்லலாம். வலிக்கும். மறுநாளும் போக வேண்டும்.

அதற்கப்புறம் வேலையை விட வேண்டுமென்றால் விடு. நான் ஏன் என்று கேட்க மாட்டேன். கேட்கிற யோக்கியதையும் எனக்கில்லை. வீட்டுக்கு வா, இரண்டு பேரும் மார்க்கெட்டில் உட்காரலாம். ஆனால் அந்த வாசலுக்குத் திரும்பிப் போகாமல் வராதே.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். சேகர் சித்தப்பாவைத் தூக்கி வந்த நாளிலிருந்து உன் அப்பாவுக்கு மூச்சு வாங்கிய நாள் வரைக்கும் நடுவில் சில வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களில் ஒரே ஒருத்தர்கூட, நர்ஸம்மாவோ, நீயோ, நானோ, அவர் வலை தைக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்து, 'அன்னிக்கு ஒண்ண சொல்லாம வுட்டுட்டோம், இப்ப முழுசா சொல்றோம், கேளு' என்று சொல்லவில்லை. நான் சண்டை போட்டேன், நீ ஒளிந்துகொண்டாய், நர்ஸம்மாவுக்கு வர வெட்கம். சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. வார்த்தைதான் பெரிது என்று இருந்திருக்கலாம். ஆனால் அவர் வாசல் திறந்துதான் கிடந்தது நைனா. யாரும் திரும்பி வரவில்லை.

விடிந்ததும் போ. அவள் கூலிக்குக் கிளம்புவதற்கு முன்னால் போ.

அம்மா